ஜப்பானியர் பொறுமையும் அமெரிக்கர் அவசரமும்: தீம் பார்க் கட்டுரைக்கு ஒரு மறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பிதழில் வந்த சுற்றுலாக் கட்டுரை, டோக்கியோ டிஸ்னிலேண்டையும் ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டையும் ஒப்பிட்டு, ஜப்பானியர் இயல்பிலேயே பொறுமைசாலிகள், அமெரிக்கர் இயல்பிலேயே அவசரக்காரர்கள் என்று முடித்திருந்தது. தீம் பார்க்குகளில் கூட்டம் எப்படி நகரும், வரிசையை எங்கே வளைக்க வேண்டும் என்று திட்டமிடும் தொழிலில் இருப்பவர்கள் நாங்கள். அந்த முடிவு தவறு. அதை நம்பிப் புறப்படும் குடும்பங்களுக்குப் பணமும் நாளும் வீணாகும் என்பதால் இதை எழுதுகிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது குணத்தை அல்ல, தூரத்தை. டோக்கியோ டிஸ்னிலேண்ட் 1983 ஏப்ரல் 15 அன்று சிபா மாகாணத்தின் உராயாசுவில், கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் திறக்கப்பட்டது. டோக்கியோ நிலையத்திலிருந்து கெய்யோ ரயில் பாதையில் ஏறினால் சுமார் 15 நிமிடத்தில் மாய்ஹாமா நிலையம். இறங்கினால் எதிரே பூங்கா. வருகிறவர்களில் பெரும்பகுதி டோக்கியோவையும் சுற்றியுள்ள மாகாணங்களையும் சேர்ந்தவர்கள். காலையில் வந்து, இரவு வாணவேடிக்கை பார்த்துவிட்டு, கடைசி ரயிலுக்குள் வீடு திரும்புகிறவர்கள். அடுத்த பருவத்தில் மறுபடி வருவார்கள். 1971 அக்டோபரில் திறந்த ஃபுளோரிடா வளாகமோ ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் பரப்பு. அமெரிக்காவின் வேறு மூலையிலிருந்து விமானத்தில் வரும் குடும்பம் அங்கே நான்கைந்து இரவு தங்குகிறது. அதற்காகப் பல மாதம் பணம் சேர்த்திருக்கும். பிள்ளைகள் வளர்வதற்குள் இன்னொரு முறை வர முடியுமா என்பதே நிச்சயமில்லை.

இந்த இரண்டு பேரும் நுழைவாயிலில் கேட்கும் கேள்வியே வேறு. டோக்கியோக்காரர், "இந்தத் தடவை புதுசா என்ன?" என்று பார்க்கிறார். ஃபுளோரிடாவுக்கு வந்த அமெரிக்கர், "நான் சின்ன வயதில் பார்த்தது அப்படியே இருக்கிறதா, பிள்ளைக்குக் காட்ட முடியுமா?" என்று பார்க்கிறார். இரண்டு இடத்திலும் உள்ள ஹாண்டட் மேன்ஷன் என்ற பேய் மாளிகைச் சவாரி இதற்கு நல்ல சாட்சி. டோக்கியோவில் 2004 முதல், இலையுதிர் காலம் தொடங்கும்போது அந்த மாளிகையின் உள்ளே பொம்மை, இசை, அலங்காரம் எல்லாவற்றையும் மாற்றி, 'நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' படத்தின் பாத்திரங்களைக் கொண்டுவந்து சில மாதம் ஓட்டுகிறார்கள். மாற்றி அமைப்பதற்காகவே சவாரியைச் சில நாள் மூட வேண்டும். சீசன் முடிந்ததும் பழையபடி திருப்புவதற்கு மறுபடி மூட வேண்டும். ஃபுளோரிடாவில் இதைச் செய்வதில்லை. பத்து வருடத்துக்கு ஒருமுறை வருகிற குடும்பத்திடம் "அசல் மாளிகையை ஜனவரியில் வந்து பாருங்கள்" என்று சொல்ல முடியாது.

கட்டுரையாளர் கவனிக்காமல் விட்டது கலிபோர்னியாவை. 1955இல் திறந்த அனாஹைம் டிஸ்னிலேண்டும் அமெரிக்காவில்தான் இருக்கிறது, வருகிறவர்களும் அமெரிக்கர்கள்தான். ஆனால் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்திலேயே குடியிருந்து, ஆண்டு அனுமதி அட்டை வைத்துக்கொண்டு, வேலை முடிந்த மாலையில் எட்டிப் பார்க்கும் கூட்டம் அங்கே ஏராளம். அந்தப் பூங்காவும் 2001 முதல் தன் மாளிகையை ஆண்டுதோறும் மாற்றி அலங்கரிக்கிறது. டோக்கியோ பின்பற்றியது அந்த முன்மாதிரியைத்தான். சீசனுக்குச் சீசன் புதுத் தின்பண்டம், புது நினைவுப் பொருள் என்று அனாஹைம் உள்ளூர்க்காரர்கள் அலைவதைப் பார்த்தால் டோக்கியோவில் நிற்கிறோமோ என்றே தோன்றும். தேசிய குணம்தான் காரணம் என்றால் இது நடந்திருக்கக் கூடாது.

அடுத்து பொறுமை. டோக்கியோவில் காலை கதவு திறந்ததும் எந்தச் சவாரிக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கணக்குப் போட்டு விரையும் கூட்டத்தையும், "ஓடாதீர்கள், நடந்து செல்லுங்கள்" என்று கைகாட்டிக்கொண்டே நிற்கும் ஊழியர்களையும் ஒரு தடவை பார்த்தவர் 'பிறவிப் பொறுமை' என்று எழுத மாட்டார். அங்கே மக்கள் காத்திருப்பது, எவ்வளவு நேரம் என்று முன்னாலேயே தெரிவதால். விதி எல்லாருக்கும் ஒன்றுபோல் நடப்பதால். ஊர்வலம் பார்க்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்வலம் தொடங்க ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்துதான் தரையில் விரிப்புப் போட்டு இடம் பிடிக்கலாம். அதற்கு முன் விரித்தால் ஊழியர் வந்து மடிக்கச் சொல்வார். ஆளில்லாத விரிப்பால் அகலமாக வளைத்துப் போடவும் விடமாட்டார்கள். பாதையை ஒட்டிய முன்வரிசைகள் உட்கார வேண்டும். அவற்றுக்குப் பின்னால்தான் நிற்கலாம். குழந்தையைத் தோளில் தூக்கி வைக்கக் கூடாது, காமிராவைத் தலைக்கு மேல் நீட்டக் கூடாது, உயரமான தொப்பியையும் மிக்கி காது வைத்த தலைப்பட்டையையும் கழற்றிவிட வேண்டும். ஊர்வலத்துக்குச் சற்று முன் ஊழியர்கள் வரிசை வரிசையாகக் குனிந்து இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போவார்கள். பின்வரிசையில் நிற்கும் குட்டையான பாட்டிக்கும் மிக்கி தெரிகிறார். அதனால்தான் அந்தப் பாட்டி சண்டை போடாமல் நிற்கிறார்.

ஃபுளோரிடாவில் பெரும்பாலோர் நிற்பார்கள். கடைசி நிமிடத்தில் வந்த தகப்பனார் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொள்வார். பின்னால் இருப்பவர் முணுமுணுப்பார், ஆனால் அது அங்கே பெரிய குற்றம் அல்ல. அமெரிக்கர் எதிர்பார்ப்பது வேறொன்று: தனக்கு ஏதாவது குறை நேர்ந்தால் எதிரில் நிற்கும் ஊழியருக்கு அதை அங்கேயே சரிசெய்யும் அதிகாரம் இருக்க வேண்டும். ஐஸ்கிரீம் கீழே விழுந்துவிட்டதா, இன்னொன்று கொடு. சவாரி பழுதாகி இறக்கிவிட்டார்களா, பிறகு வரிசையில்லாமல் ஏற ஒரு அனுமதி கொடு. சாப்பாட்டிலும் அப்படித்தான். "சீஸ் வேண்டாம், சாஸ் தனியாக, பொரித்த உருளைக்கிழங்குக்குப் பதில் பழம்" என்று கேட்பது அமெரிக்க வாடிக்கை. சமையலறையும் அதற்குத் தயாராக இருக்கும். டோக்கியோவில் வருகிறவர் எதிர்பார்ப்பது, கண்ணாடிக்குள் வைத்திருக்கும் மாதிரித் தட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே தன் தட்டிலும் இருக்க வேண்டும் என்பதை. அங்கே போய் ஒரு பொருளை நீக்கித் தரச் சொன்னால் பெரும்பாலும் தலைகுனிந்து மறுத்துவிடுவார்கள். இது அவமதிப்பு அல்ல. எல்லாருக்கும் ஒரே தரத்தில் கொடுக்க அமைத்த சமையலறை அது.

சைவம் சாப்பிடும் நம் குடும்பங்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான், ஆகவே இதைச் சற்று விரித்துச் சொல்கிறோம். ஃபுளோரிடா, கலிபோர்னியா டிஸ்னி பூங்காக்களுக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. புளியோதரையை டப்பாவில் எடுத்துப்போய் மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடத் தடையில்லை. குளிர்ந்த தண்ணீர் உணவுக் கவுன்டர்களில் இலவசமாகவே கிடைக்கும். டோக்கியோவில் கட்டுச்சோறு உள்ளே போகாது. குழந்தை உணவுக்கும் மருத்துவக் காரணத்துக்கும் விலக்கு உண்டு. மற்றவர்களுக்காக வாயிலுக்கு வெளியே பிக்னிக் பகுதி ஒன்று ஒதுக்கியிருக்கிறார்கள். சாப்பாட்டைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு மதியம் வெளியே வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போகலாம். ஜப்பானிய சூப்புகளிலும் சாஸ்களிலும் மீன் சாறு கலந்திருப்பது சகஜம் என்பதால், காய்கறி போலத் தெரிவதை நம்பி வாங்க வேண்டாம்.

தின்பண்டம் என்று வந்தால் டோக்கியோவின் ராஜா பாப்கார்ன். கேரமல், கறி மசாலா, சோயா சாஸ் வெண்ணெய் என்று ஒவ்வொரு வண்டியில் ஒவ்வொரு சுவை. எந்தச் சுவை எந்த மூலையில் என்று வரைபடத்தைப் பார்த்து நடப்பார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ளும், கார்ட்டூன் பாத்திர வடிவப் பாப்கார்ன் பெட்டியை ஒருமுறை வாங்கினால் பிறகு நிரப்புவதற்குக் குறைந்த விலை. அதற்கே தனி வரிசை நிற்கும். அமெரிக்கர் இதையெல்லாம் பொருட்படுத்த மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், 2022 ஜனவரியில் ஃபுளோரிடா டிஸ்னி வளாகத்தின் எப்காட் பூங்காவில் ஃபிக்மென்ட் என்ற ஊதா டிராகன் வடிவப் பெட்டிக்கு மணிக்கணக்கில் வரிசை நின்றபோது வாயடைத்துப் போனார்கள்.

ஆனாலும் எல்லாவற்றையும் தூரக் கணக்கிலேயே அடக்கிவிட முடியாது. ஜப்பானியருக்கென்றே உரிய ஒன்று, ஊர் திரும்பும்போது பிறருக்குக் கொண்டுபோகும் பரிசு. திருப்பதி போய்விட்டு லட்டு இல்லாமல் தெருவுக்குள் நுழைய முடியாதே, அதுபோல அங்கே அலுவலகத்துக்கும் அண்டை வீட்டுக்கும் ஏதாவது கொண்டுபோயே ஆக வேண்டும். டோக்கியோ பூங்காவின் நுழைவுக் கடைத்தெருவில் மாலை ஏழு மணிக்கு மேல் நின்று பார்த்தால் தெரியும்: கூடைகளில் அடுக்கியிருப்பது பெரும்பாலும் பிஸ்கட், சாக்லேட் டப்பாக்கள். டப்பாவின் பின்புறத்தில் உள்ளே எத்தனை துண்டு என்று அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு துண்டும் தனித்தனி உறையில் இருக்கும். வாங்குகிறவர் சுவையை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அலுவலகத்தில் தன் பிரிவில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை துண்டு வேண்டும் என்று விரல் விட்டு எண்ணுகிறார். தனி உறை இல்லாமல் மொத்தமாகக் கொட்டிய டப்பா அங்கே விலைபோகாது. அலுவலக மேசைகளில் ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போக முடியாதே. அமெரிக்கர் வாங்குவது தனக்கும் தன் பிள்ளைக்கும். சட்டை, காதுப் பட்டை, சட்டையில் குத்தும் பின், 200 டாலருக்கு மேல் கொடுத்துத் தன் கையாலேயே பொருத்திச் செய்யும் 'ஸ்டார் வார்ஸ்' படத்து ஒளிவாள். ஃபுளோரிடாவில் பங்கிட்டுக் கொடுக்கும்படியான டப்பாவைத் தேடும் ஜப்பானியப் பயணி பெரும்பாலும் ஏமாந்துதான் திரும்புவார்.

டஃபி என்ற கரடிப் பொம்மையின் கதையும் இதே ரகம். 2002இல் ஃபுளோரிடாவில் 'டிஸ்னி கரடி' என்று பெயருக்கு விற்றுக்கொண்டிருந்த பொம்மை அது. 2005இல் டோக்கியோ டிஸ்னிலேண்டை ஒட்டிய டிஸ்னிசீ என்ற இன்னொரு பூங்காவில் அதற்கு டஃபி என்று பெயரும், மின்னி தைத்துக் கொடுத்தது என்று ஒரு சிறு கதையும் வைத்தார்கள். பிறகு ஷெல்லிமே, ஜெலடோனி, ஸ்டெல்லாலூ என்று நண்பர்கள் சேர்ந்தார்கள். வயதுவந்த பெண்கள் பொம்மைக்குப் பருவ உடை மாற்றி, உணவு மேசையில் எதிரே உட்கார வைத்துப் படம் எடுப்பது டிஸ்னிசீயில் அன்றாடக் காட்சி. 2010இல் அதே டஃபியைப் பெயரோடும் கதையோடும் அமெரிக்கப் பூங்காக்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாண்டில் சத்தமில்லாமல் ஓய்ந்துவிட்டது. அமெரிக்கக் குழந்தைக்குப் பொம்மை என்றால் ஏதாவது படத்தில் வந்திருக்க வேண்டும். அமெரிக்க மண்ணில் டஃபி நிலைத்து நின்றது ஹவாய் மாநிலத்தில் உள்ள டிஸ்னியின் ஔலானி விடுதியில். அங்கே ஜப்பானிய விருந்தினர்கள் அதிகம்.

நனைவதைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இருந்தது. ஜப்பானியர் தண்ணீர்ச் சவாரிக்குப் பயப்படுகிறார்கள் என்று. பயம் இல்லை. நன்றாக உடுத்திக்கொண்டு வந்து, இரவு ரயிலில் நின்றுகொண்டு வீடு திரும்புகிறவர் மதியமே தொப்பலாக நனைய விரும்புவதில்லை. 1992இல் திறந்த டோக்கியோ ஸ்பிளாஷ் மவுன்டனில் அதனால் தெறிப்பு மிதமாகத்தான் இருக்கும். அதே சவாரியில் கோடைச் சீசனில் மட்டும், 'இப்போது முழுக்க நனைவீர்கள்' என்று முன்கூட்டியே விளம்பரம் செய்து தண்ணீரைக் கூட்டிவிட்டால், மாற்றுடை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வருகிறார்கள். ஃபுளோரிடாவின் ஒர்லாண்டோ நகரில், யுனிவர்சல் நிறுவனத்தின் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்சர் பூங்காவில், பாப்பாய் என்ற கார்ட்டூன் மாலுமியின் பெயரிலுள்ள படகுச் சவாரியில் செருப்புக்குள்ளும் தண்ணீர் புகும். பக்கத்திலேயே காசு கொடுத்து நின்றால் வெப்பக் காற்றடித்து உலர்த்தும் கூண்டும் உண்டு. கோடை வெயில், கையில் நீச்சல் உடை, பேருந்து ஏறினால் விடுதி. அங்கே தண்ணீர் போதாவிட்டால்தான் புகார் வரும். டோக்கியோ நுழைவுக் கடைத்தெருவுக்குக் கண்ணாடிக் கூரை போட்டிருப்பதும், அமெரிக்காவின் அதே தெரு வானம் பார்த்திருப்பதும் இந்த வரிசையில் சேர்ந்ததுதான். ஜூன், ஜூலை மழைக்காலத்திலும் ஒருநாள் பயணி வருவார். கூரை இல்லாவிட்டால் வரமாட்டார்.

ஒசாகாவைக் கட்டுரை தொடவே இல்லை; பாடம் அங்கேதான் அதிகம். யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஜப்பான் 2001 மார்ச் 31இல் திறந்து, முதல் ஆண்டிலேயே 1 கோடியே 10 லட்சம் பேரைக் கண்டது. அடுத்த ஆண்டே 30 லட்சத்துக்கு மேல் குறைந்தது. உணவு, பாதுகாப்பு பற்றிய சர்ச்சைகள் ஒரு காரணம். ஒருமுறை பார்த்தவர் மறுபடி வரப் பருவத்துக்கொரு காரணம் இல்லாதது இன்னொரு காரணம் என்பது எங்கள் கணிப்பு. ஹாலிவுட் படம் மட்டும் என்ற எண்ணத்தை விட்டு, ஜப்பானிய அனிமே நிகழ்ச்சிகளைச் சேர்த்தார்கள். 2013இல், ஏற்கெனவே இருந்த ரோலர் கோஸ்டரையே பின்னோக்கி ஓடவிட்டார்கள். 2014இல் ஹாரி பாட்டர் பகுதி, 2021 மார்ச்சில் சூப்பர் நின்டெண்டோ வேர்ல்ட் வந்தன. அக்டோபர் இறுதியில் வரும் பேய் வேடத் திருவிழாவான ஹாலோவீன் இன்னும் தெளிவான உதாரணம். ஒர்லாண்டோவின் யுனிவர்சலில் ஹாலோவீன் இரவுக்குத் தனி டிக்கெட். பகல் கூட்டத்தை மாலையில் வெளியேற்றிவிட்டு, பேய் வீடுகளைத் திறப்பார்கள். விடுமுறைக்கு வந்த குடும்பம் பிள்ளைகளோடு விடுதிக்குப் போய்விடும், பயப்பட விரும்பும் உள்ளூர் இளைஞர்கள் தனியாக வருவார்கள். ஒசாகாவில் பகல் டிக்கெட் வைத்திருப்பவர் மத்தியிலேயே இருட்டியதும் பூங்காத் தெருக்களில் ஜாம்பிகள், அதாவது நடைபிண வேடக்காரர்கள், அவிழ்த்துவிடப்படுவார்கள். அந்த ஜாம்பிக்காகத்தான் அவர் அந்தப் பருவத்தில் வந்திருக்கிறார்; அதற்கும் தனியாகக் காசு என்றால் வராமலே இருந்துவிடுவார்.

வேடம் போடுவதும் அப்படியே. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர் சாதாரண நாளில் முழு வேடத்தில் வரக் கூடாது. தனி டிக்கெட் விருந்து இரவுகளில் வரலாம். டோக்கியோவிலும் மற்ற நாட்களில் தொடக்கப் பள்ளி வயது வரைதான். ஆனால் ஹாலோவீன் காலத்தில், வழக்கமான டிக்கெட்டிலேயே பெரியவர்களும் வேடத்தில் வரலாம் என்று நாள் குறித்து அறிவிப்பார்கள். அந்த நாட்களின் தையல் நேர்த்தியைப் பார்க்கவே போகலாம்.

இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் போனால் எங்கே அடிபடும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஃபுளோரிடாவில் வரிசையைக் குறைக்கும் கட்டண வசதியை, வளாக விடுதியில் தங்குகிறவர் 7 நாள் முன்பும் மற்றவர் 3 நாள் முன்பும் கைபேசியில் பதிவு செய்யலாம். உணவக மேசைக்கு 60 நாள் முன்பே. திட்டமிட்டு வந்தவருக்குச் சாதகமான அமைப்பு அது. டோக்கியோவில் அதே வகைக் கட்டண வசதியான பிரீமியர் ஆக்சஸைச் சாதாரணப் பயணி வாயிலைக் கடந்து உள்ளே போன பிறகுதான் வாங்க முடியும். பெரும்பாலும் ஒரு சவாரிக்கோ நிகழ்ச்சிக்கோ 1,500 முதல் 2,500 யென். கூட்ட நாளில் புகழ்பெற்ற சவாரிகளுக்குக் காலையிலேயே தீர்ந்துவிடும். ஃபுளோரிடா பழக்கத்தில் பதினொரு மணிக்கு நிதானமாக வந்து இறங்குகிறவர், 2024 ஜூனில் டிஸ்னிசீயில் திறந்த ஃபேன்டசி ஸ்பிரிங்ஸ் பகுதியின் சவாரிகளைப் பார்க்காமலே திரும்ப நேரிடலாம். டோக்கியோவில் அறிவித்த திறப்பு நேரம் ஒன்பது என்றாலும், கூட்டம் சேர்ந்தால் அதற்கு முன்பே கதவு திறப்பது வழக்கம். எட்டு மணிக்குள் வாசலில் இருங்கள். ஜப்பானில் எழுதியிருக்கும் விலையில் வரி அடங்கியிருக்கும், டிப்ஸ் கிடையாது. ஒர்லாண்டோவில் எழுதிய விலைக்கு மேல் 6.5 சதவீத விற்பனை வரியும், மேசைக்குக் கொண்டுவந்து பரிமாறும் உணவகமானால் டிப்ஸும் சேரும். பட்ஜெட் போடும்போது இதை விட்டுவிட்டு மூன்றாம் நாள் விழிப்பவர்கள் பலர்.

கடைசியாக ஒரு திருத்தம். டோக்கியோ வாயிலில் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்று கட்டுரையில் அச்சாகியிருக்கிறது. இப்போது அந்த வழி இல்லை. பெரியவருக்கான ஒருநாள் டிக்கெட் 7,900 முதல் 10,900 யென் வரை, நாளுக்கு நாள் விலை மாறும். தேதி குறித்து இணையத்தில் வாங்க வேண்டும். அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்னதாக, ஜப்பான் நேரம் பிற்பகல் 2 மணிக்கு விற்பனை தொடங்கும். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு புறப்படத் தயாராகும் வாசகர்கள் இருப்பார்கள் என்பதால், இந்த ஒரு திருத்தத்தையாவது அடுத்த இணைப்பிதழிலேயே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பொழுதுபோக்குப் பூங்காத் திட்டமிடல் துறையில் பணிபுரியும் வாசகர்கள்,
சென்னை